வாங்குகிறவனின் மௌனம்

பழைய சாமான் ஒன்றை வாங்கப் போகிறவன் ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் போகிறான். நானும் அப்படித்தான் போனேன். ஏமாற்றக் கூடிய இடத்தில் நானே நிற்க நேரிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இது நடந்து ஆறு வாரமாகிறது. மதிப்பீடு என்ற சொல்லை நான் பன்னிரண்டு வருஷமாக இரண்டு இடங்களில் உபயோகித்து வருகிறேன். பகலில் வங்கியில், நகைக்கடன் மனுக்களில். இரவில் இம்மாதிரிப் பத்திரிகைகளில், பிறர் எழுதிய கவிதைகளின்மீது. இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்து வந்த அர்த்தம் போதாதோ என்ற சந்தேகம் இப்போது வந்திருக்கிறது. வந்த இடம் ஒரு மாட்டுக் கொட்டகை.

வண்டி ராஜ்தூத் 350. தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். யமஹாவின் ஆர்.டி. 350 ஜப்பானில் 1973இல் வந்தது. 347 சி.சி., பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு, ஆறு கியர், 39 குதிரைச் சக்தி. பத்து வருஷம் கழித்து, 1983இல், அங்கே அது பழங்கதையாகிவிட்ட பிறகு, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் கூட்டுடன் அதை இங்கே தயாரித்தது. நம் நிலைமைக்குத் தக்கபடி சக்தியைக் குறைத்தார்கள். முதலில் வந்தது 30.5 குதிரைச் சக்தி, ஹெச்.டி. என்பார்கள். பின்னால் வந்த எல்.டி. 27தான். முன்சக்கரத்தில் ஜப்பானிய வண்டிக்கு இருந்த டிஸ்க் பிரேக் போய் இங்கே டிரம் வந்தது. அப்படியும் அன்றைய நம் சாலைகளில் அது உழவு மாடுகளுக்கு நடுவே விட்ட பந்தயக் குதிரை. பெட்ரோல் குடித்தது, உதிரி பாகங்களின் விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. எண்பதுகளின் இறுதியோடு நின்று போயிற்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் அதைப் பார்த்தவர்கள் இன்னமும் அதன் சப்தத்தை வாயால் செய்து காட்டுகிறார்கள். நான் பார்த்ததில்லை. அந்த வண்டியின் உற்பத்தி நின்றபோது நான் பிறந்திருக்கவே இல்லை. எனக்கு ஞாபகமே இருக்க முடியாத ஒன்றுக்காக நான் ஏங்கினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்று சேகரிப்பவர்கள் மத்தியில், எண்களும் ஆவணங்களும் ஒழுங்காக உள்ள ஒரு ஹெச்.டி. லட்சக் கணக்கில் போகிறது. அவர்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் உள்ளடங்கிய ஒரு ஊர். என் மெக்கானிக்குக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் ஒரு அம்மாள் மட்டும் இருந்தார். கணவர் நூல் வியாபாரம் செய்தவர், 1984இல் புது வண்டியாக வாங்கியவர், இறந்து மூன்று வருஷமாகிறது. மகள் ஓசூரில். "அவரு இருந்த வரைக்கும் வாரம் ஒருக்கா உதைச்சு ஸ்டார்ட் பண்ணீருவாருங்க தம்பி. எங்கயும் ஓட்டறதில்லீங்க. சும்மா பொகைய விட்டுட்டு நிறுத்தீருவாரு" என்றார். பழைய இரும்புக் கடைக்காரர் பன்னிரண்டாயிரத்துக்குக் கேட்டிருந்தாராம்.

பழைய டூ ஸ்ட்ரோக்கைப் பார்க்கப் போகிறவன் முதலில் கை வைக்க வேண்டிய இடம் சிலிண்டர். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே விற்கிறவர் ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்ஜின் எத்தனை உதைக்கு எழும் என்ற உண்மை மறைந்து போயிருக்கும். இங்கே அந்தக் கேள்வியே இல்லை. மூன்று வருஷக் குளிர். அண்ணன் இரண்டு பிளக்கையும் கழற்றி, துவாரங்களில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார். பிஸ்டன் இறுகியிருக்கவில்லை. பிறகு கேஜைச் செருகி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடிக்கச் சொல்லி, உதைத்துக் காம்ப்ரெஷன் பார்த்தார். இரட்டைச் சிலிண்டரில் அளவு எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்பது. ஏறக்குறைய ஒத்துப் போயிற்று. சைலன்ஸர்களை இறக்கி எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் டார்ச் அடித்தோம். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுங்கோடுகள் விழுந்திருந்தால் எஞ்ஜின் எப்போதோ சூடேறிப் பிடித்துக் கொண்டிருக்கிறது என்று பொருள். கோடு இல்லை. இவ்வளவுக்கும் அந்த அம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்.

கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றியதும் இருபது சொச்சம் உதையில் வண்டி எழுந்தது. கொட்டகை முழுக்கப் புகை. டூ ஸ்ட்ரோக் புகை விடத்தான் செய்யும், கிடந்த வண்டி முதலில் கொஞ்சம் அதிகமாகவே விடும். கால் மணி நேரத்தில் இடது பக்கம் தெளிந்துவிட்டது. வலது பக்கம் வெள்ளையாகவே வந்து கொண்டிருந்தது. இந்த வண்டியில் வலது பக்கத்துக் கிராங்க் சீல் போனால் எஞ்ஜின் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சிக் குடித்துப் புகையாக விடும். இடது பக்கத்து சீல் போனால் புகை இராது; வெளிக்காற்று புகுந்து, எரிபொருள் மெலிந்து, எஞ்ஜின் சத்தமில்லாமல் தன்னைத்தானே சுட்டுக் கொள்ளும். பயப்பட வேண்டியது அதற்குத்தான் என்றார் அண்ணன். இது புகை விட்டுக் காட்டிக் கொடுத்துவிடுகிற நோய். எஞ்ஜினைப் பிரித்துக் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும், செலவு உண்டு, ஆனால் தீருகிற நோய்.

சப்தம் கேட்டதும் அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அப்போது இதை நான் கவனித்ததாக ஞாபகமில்லை.

பிறகு எண்கள். ஸ்டீயரிங் தலையில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணும் எஞ்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் போயின. ஒத்துப் போவது மட்டும் போதாது. அரத்தால் தேய்த்து மறுபடியும் பொறித்த எண் வரிசை தவறி நிற்கும், ஆழம் மாறும். நான் குனிந்து நகத்தால் ஒவ்வொரு இலக்கமாகத் தடவிப் பார்த்தேன். அசல். சைலன்ஸர்கள் அசல், பெரும்பாலான வண்டிகளில் சப்தத்துக்காக அவற்றைத்தான் முதலில் அறுத்துப் போட்டிருப்பார்கள். ஒரே உடைமைக்காரர். ஹெச்.டி. சந்தேகமே இல்லை. என் கை நடுங்கியது. பழைய ஏட்டில் யாரும் கைவைக்காத பாடம் ஒன்றைக் கண்டவனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக் கொண்டேன், அந்த நேரத்திலும்.

ரசனைதான் விமர்சனம் என்ற க.நா.சு. பக்கமா, அலசல் வேண்டும் என்ற செல்லப்பா பக்கமா என்று நம்மில் சிலர் இன்னமும் கட்சி கட்டுகிறோம். கொட்டகையில் அண்ணன் அலசினார், நான் ரசித்தேன். இரண்டும் சேர்ந்து மிகச் சரியான ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தன. எங்கள் இருவர் கணக்கிலும் அந்த அம்மாள் வரவில்லை. எங்கள் வங்கிக் கிளைக்கு வருகிற நகை மதிப்பீட்டாளரும் அப்படித்தான். உரைகல்லில் தேய்ப்பார், எடை போடுவார், கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் கணக்குத் தவறும் என்பார். அது நேர்மை என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அவர் விஷயத்தில் அது நேர்மைதான். அவர் அந்த நகையை வாங்கப் போகிறவர் அல்ல.

கைகழுவி வந்து திண்ணையில் உட்கார்ந்து குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீல் போயிருக்கிறது, எஞ்ஜினைப் பிரிக்க வேண்டும். டயர்கள் வெடித்திருக்கின்றன. டேங்க்கில் துரு. பதிவு காலாவதி ஆகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும். உடைமைக்காரர் இறந்துவிட்டதால் முதலில் படிவம் 31இல் உங்கள் பெயருக்கு மாற்றி, பிறகுதான் 29, 30 எழுதி எனக்கு மாற்ற முடியும், அலைச்சல். கவுண்டரில் பேசுகிற அதே குரல். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எண்கள் அசல் என்பதை நான் சொல்லவில்லை. ஹெச்.டி. என்பதைச் சொல்லவில்லை. லட்சம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

அந்த அம்மாள், "எனக்கென்னங்க தம்பி தெரியும். நீங்க பேங்க்ல இருக்கறீங்க, நாலும் தெரிஞ்சவரு. நீங்களே பாத்து ஒரு வெலை சொல்லுங்க" என்றார்.

நாற்பதாயிரம் என்றேன். இரும்புக் கடைக்காரர் சொன்னதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அட்வான்ஸ் ஐயாயிரம் கொடுத்தேன். திரும்பி வரும்போது அண்ணன், "நல்ல வெலைக்கு முடிச்சுட்டீங்க" என்றார். அப்புறம் திருப்பூர் வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

நான் சட்டத்தில் ஆறுதல் தேடினேன். வங்கிக்காரர்கள் எழுதுகிற ஜே.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்காகப் படித்த புத்தகம் அலமாரியில் இருந்தது. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு: சில விலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்கிறவன் சொல்லாமலே உத்தரவாதம் தந்ததாக ஆகாது, வாங்குகிறவனே ஜாக்கிரதை. விற்கிறவனே ஜாக்கிரதை என்று ஒரு சட்டமும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை போலும். பொருளாதாரத்திலும் இதே கதைதான். ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தமானது. காரின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் குறைத்தே கேட்கிறான். ஆகவே நல்ல கார் வைத்திருப்பவன் சந்தைக்கே வருவதில்லை. அறிவு விற்கிறவன் பக்கம் இருக்கிறது என்பது அடிப்படை. மூன்று வருஷமாகச் சாக்கு மூடிக் கிடந்த பொருளின் மதிப்பை வாங்க வந்தவன் மட்டும் அறிந்திருக்கிற நிலை அவர் எடுத்துக் கொண்ட விஷயமல்ல.

ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு மாதிரி. 1872இல் எழுதியது. மௌனம் மட்டுமே மோசடி ஆகாது என்கிறது, பேச வேண்டிய கடமை இருந்தாலொழிய. கீழே நான்கு உதாரணங்கள். மூன்றில் குதிரை வருகிறது. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான், நோயைச் சொல்லவில்லை: மோசடி அல்ல. வாங்குகிறவள் அவனுடைய மகள், அப்போதுதான் மேஜராகியிருக்கிறாள்: இப்போது அந்த உறவே அவனுக்குச் சொல்ல வேண்டிய கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவதில், நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக் கொள்வேன் என்கிறான் வாங்குகிறவன். விற்கிறவன் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நான்காவதில் இருவரும் வியாபாரிகள்; விலை மாறப் போவதை ஒருவன் மட்டும் அறிவான்; மற்றவனுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

நான்காவது உதாரணத்தில்தான் நான் ஒண்டப் பார்த்தேன். முடியவில்லை. நான் வியாபாரியல்ல, அவரும் அல்ல. இரண்டாவது உதாரணம் என்னை விடவில்லை. அவர் என்னைத் தம்பி என்றார், நான் அவரை அம்மா என்றேன். நம் மொழியில் முன்பின் தெரியாதவரிடம் பேச வேறு வழியில்லை. கண்டக்டர் அண்ணன், காய்கறிக்காரி அக்கா. இதனால் ஊரெல்லாம் உறவு என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். உறவுப் பெயரைச் சொல்லித்தான் இங்கே பேரமும் நடக்கிறது, "உங்களுக்காகத்தான் அக்கா இந்த விலை" என்று. ஆக, அந்த அழைப்புக்கு ஒரு கடமையும் கிடையாது, வெறும் நாக்குப் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அவர் அதை வெறும் பழக்கமாகச் சொல்லவில்லை. நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்றபோது அந்தத் தம்பியை அவர் நம்பினார். அதே வாக்கியம் என்னை மூன்றாவது உதாரணத்துக்குள்ளும் தள்ளிவிடுகிறது. விலையை என்னிடமே விட்ட பிறகு, நான் சொன்ன தொகை பேரத்தின் முதல் கேள்வி அல்ல, ஒரு பதில். அந்தப் பதிலில்தான் பொய் இருந்தது. கோர்ட்டில் நிற்குமா என்று கேட்டால் நிற்காது என்றே நினைக்கிறேன்.

என் பக்கத்து வாதங்களையும் சொல்லிவிட வேண்டும். அவை பலவீனமானவை அல்ல. பத்து வருஷம் இந்த வண்டிகளைப் பற்றிப் படித்து, கேட்டு, கை கருத்து நான் சேர்த்த அறிவு அது. அதற்கு ஒரு பலன் எனக்குக் கிடைப்பதில் என்ன தவறு? அறிந்ததை எல்லாம் பேரத்துக்கு முன்பே கொட்டிவிட வேண்டுமென்றால் யார் எதை அறிய முயல்வான்? இந்தப் பத்திரிகையைப் படிக்கிற ஐம்பது அறுபது பேரில் பழைய பேப்பர்க் கடையில் அபூர்வப் புத்தகத்தை எடைக்கு வாங்காதவர் யார்? முதல் பதிப்பு என்று தெரிந்ததும் முகத்தை மரம் மாதிரி வைத்துக் கொண்டு, கூடவே வேண்டாத இரண்டு புத்தகத்தை எடுத்து, "எல்லாம் சேத்து எவ்வளவு?" என்று கேட்கிற அந்த நடிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கடைக்காரர் வியாபாரி, நான்காவது உதாரணம், போகட்டும். ஆனால் 'எழுத்து' இதழ்களில் நாற்பது சொச்சத்தை நான் வாங்கியது கடையில் அல்ல. இறந்துபோன ஒரு ஆசிரியரின் மகன், வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில், கிலோ இவ்வளவு என்று போட்டார். அந்த இதழ்களை வைத்து நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். அவற்றை நண்பர்கள் பாராட்டினார்கள். இலக்கியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

மதிப்பு என்பது பொருளில் இல்லை, வேண்டுகிறவனிடம் இருக்கிறது என்றும் ஒரு வாதம் உண்டு. இரும்புக் கடைக்காரருக்கு அது எடை, சேகரிப்பவனுக்கு லட்சம், அந்த அம்மாளுக்கு வாரம் ஒருமுறை கேட்ட சப்தம். இதில் எது உண்மை விலை? கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு வாரம் இதை நான் நம்பினேன். ஆனால் கவிதையைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். மதிப்பீடு என்பது அவரவர் ருசி அல்ல என்று பத்துப் பக்கம் எழுதுவேன். என் பணம் வெளியே போகிற சமயத்தில் மட்டும் எனக்கு இந்தத் தத்துவம் உகந்ததாகிவிட்டது.

சிசெரோவின் 'கடமைகள் பற்றி' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் இந்தப் பிரச்னை முழுக்க இருக்கிறது. (அந்தப் புத்தகமும் எடைக்கு வாங்கியதே.) ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி தானியத்தோடு கப்பலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்து கொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜீனிஸ் என்ற ஸ்டோயிக், சொல்லாமல் இருப்பது வேறு மறைப்பது வேறு என்கிறான். அவனுடைய மாணவன் ஆன்ட்டிபேட்டர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறான். சிசெரோ மாணவன் பக்கம்: எல்லா மௌனமும் மறைத்தல் அல்ல, உன் லாபத்துக்காக, தெரிந்து கொள்ள வேண்டியவர்களுக்குத் தெரியாமல் வைத்திருப்பதே மறைத்தல். இங்கேயும் விற்கிறவன்தான் முன்னே நிற்கிறான். ஆனால் சில பக்கங்கள் தள்ளி, எளிதில் கண்ணில் படாமல், வாங்குகிறவன் ஒருவன் வருகிறான். ஸ்கேவலா என்பவர் ஒரு நிலம் வாங்கப் போய், கடைசி விலையை ஒரே பேச்சில் சொல்லச் சொன்னார். விற்கிறவர் சொன்னார். என் மதிப்பு அதைவிட அதிகம் என்று ஸ்கேவலா ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தார். இது நல்லவன் செய்கிற காரியம் என்பதை யாரும் மறுக்கவில்லை, கெட்டிக்காரன் செய்கிற காரியம் அல்ல என்றார்களாம். நல்லதையும் கெட்டிக்காரத்தனத்தையும் அப்படிப் பிரித்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் ஆரம்பம் என்று சிசெரோ கோபப்படுகிறார். நம்முடைய பட்டினப்பாலை புகார் வணிகர்களைப் புகழும்போது, கொடுப்பதில் குறைக்காததை மட்டும் சொல்லவில்லை, கொள்வதில் மிகையாக எடுக்காததையும் சொல்கிறது. பரீட்சைக்கு ஒப்பித்த வரி. அதில் பாதி வாங்குகிறவனைப் பற்றியது என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். அண்ணனைக் கூப்பிடவில்லை. ஸ்கேவலா மாதிரிச் சேர்த்துக் கொடுக்க என்னிடம் லட்சங்கள் இல்லை; என் சம்பளத்துக்கு நாற்பதாயிரமே கடன்தான். ஆகவே உண்மையைச் சொல்வது என்றால் வண்டியை விடுவது என்று அர்த்தம். சாலை முழுக்க இதைக் கணக்குப் போட்டுக் கொண்டு போனேன். பாதியைச் சொன்னால் என்ன, எண்பதாயிரம் என்று சொன்னால் என்ன என்றெல்லாம். தியாகம் செய்யப் போகிறவனின் மனம் என்று இதைச் சொல்ல முடியாது.

திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். இது முதலில் வந்த ரகம், எண்கள் அசல், இன்றைக்கு இதற்கு லட்சக் கணக்கில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், சீல் போனது பெரிய விஷயம் அல்ல. அவர் சந்தோஷப்படுவார், ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எனக்கு அப்படிச் சுட்டிருக்காது. அவர் கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார்.

"அப்ப போன வாரமே ஏனுங்க தம்பி சொல்லலே?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ளக் கேட்டார். எனக்குச் சட்டப் பிரிவுகள் ஞாபகம் வந்தன. தெரியவில்லை அம்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வீட்டுக்குப் போய் விசாரித்தேன் என்று. அதைச் சொல்ல வாய் வரை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு உள்ளே போய், நான் கொடுத்த ஐயாயிரத்தை, கொடுத்த அதே வங்கி உறையோடு கொண்டு வந்து தந்தார். எண்ணிப் பார்த்துக் கொள்ளச் சொன்னார். பரவாயில்லை அம்மா என்றேன். இல்லீங்க, எண்ணிக்குங்க என்றார். பத்து நோட்டு. அவர் பார்த்துக் கொண்டு நிற்க, எண்ணினேன்.